டஸ்டர் தட்டிய சுவர்

வெயிலுகந்தபேரியில் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், எட்டாம் வகுப்பு அறையின் தெருப்பக்கச் சுவரில், பிள்ளைகள் கரும்பலகையில் தப்பாகப் போட்டு அழித்த கணக்குகளெல்லாம் அவரவர் கையெழுத்திலேயே வந்து வரிசையாக நின்றன. எதிரே டீக்கடை வைத்திருக்கும் குத்தாலிங்கம் முதல் பாலைக் காய்ச்சிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார், சுவரில் ஏதோ எழுதியிருக்கிறதே என்று நினைத்தார், அதற்குள் பால் பொங்கப் போகவே குனிந்துவிட்டார். அந்தச் சுவரில்தான் ஊர்ப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக டஸ்டரைத் தட்டி வந்தார்கள், வெள்ளை வெள்ளைக் கட்டமாகச் சாக்பீஸ் தூள் அப்பிப்போன சுவர் அது, நனைந்தால் சுவர் ஊறும், ஊறினால் உள்ளே இருப்பது வெளியே வரத்தான் செய்யும், இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்பதுபோலத்தான் ஊர் அதை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு ஊருக்கு வேறு கவலையும் இருந்தது, குளம் நிரம்புமா நிரம்பாதா என்று.

குடையைப் பிடித்துக்கொண்டு வந்து அந்தச் சுவரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் ஆவுடைநாயகி டீச்சர்தான். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர், திருநெல்வேலியில் படித்துப் பள்ளியிலும் கல்லூரியிலும் தங்கப்பதக்கம் வாங்கியவர், இந்த ஊருக்கு வேலைக்கு வந்த நாள் முதலாகக் கரும்பலகையில் ஒரு கணக்கைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை, பாவம். மறுநாள் நடத்தப்போகும் கணக்கை வீட்டில் போட்டு, சரிபார்த்து, மறுபடியும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டும் போட வரும் என்று ஆன பிறகுதான் வகுப்புக்குள் காலெடுத்து வைப்பார். சுவரில் பிள்ளைகளின் கோணல் எழுத்து, கொக்கி எழுத்து, வரி தவறி மலையேறும் எழுத்து எல்லாம் இருந்தன, தன்னுடைய குண்டு குண்டான எழுத்து ஓர் இடத்திலும் இல்லை என்று பார்த்ததும் டீச்சருக்கு மனசு குளிர்ந்துபோனது. அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாகவே பாடம் நடத்தினார்.

டீச்சரின் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் ஜாடி இருக்கும், அதில் தேன் மிட்டாய் நிறைந்திருக்கும். விடையை முதலில் சொல்லும் பிள்ளைக்கு ஒரு மிட்டாய், அதோடு அன்றைக்கு டஸ்டரைக் கொண்டுபோய்ச் சுவரில் தட்டிவரும் உரிமையும் அந்தப் பிள்ளைக்கே. பிள்ளைகளும் லேசுப்பட்டதுகள் இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை அச்சடித்திருக்கும் என்பதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டதுகள், கேள்வியை டீச்சர் வாசித்து முடிப்பதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிவிடும். எப்படி வந்தது என்று டீச்சரும் கேட்பதில்லை, விடை சரியாக இருந்தால் ஜாடி திறக்கும். மூடியைத் திருகும் சத்தம் கேட்டாலே வகுப்புக்கு நாக்கில் எச்சில் ஊறிவிடும். பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும், போடுவதும் அழிப்பதும் அழிப்பதும் போடுவதுமாக ஒரு பீரியட் போய்விடும்.

அந்த வகுப்பில் முப்பிடாதி என்று ஒரு பிள்ளை இருந்தாள். மற்றதுகள் விடையைப் பார்க்கும்போது அவள் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் டீச்சர் ஒரு கணக்குச் சொன்னார், அடியில் ஓட்டை விழுந்த ஒரு தொட்டி, பாதித் தண்ணீர் ஒழுக ஒரு மணி நேரம் ஆகிறது, முழுத் தொட்டியும் ஒழுக எவ்வளவு நேரம் ஆகும் என்று. வகுப்பு மொத்தமும் "ரெண்டு மணி நேரம்" என்று கத்தியது. முப்பிடாதி மட்டும் எழுந்து நின்றாள்.

"இல்ல டீச்சர். தண்ணி கொறையக் கொறைய ஓட்டையில மெதுவால்லா வரும். எங்க வீட்டு டிரம்முல பாத்திருக்கேன். மொதல்ல எட்டிப் போயி விழும், அப்புறம் கிட்டக்க விழும், கடைசீல சொட்டும். மிச்சப் பாதிக்கு ரொம்ப நேரம் ஆகும் டீச்சர்."

பிள்ளை சொல்வது சரி என்று டீச்சருக்கு உடனே தெரிந்துவிட்டது, அப்படியானால் விடை என்ன என்பது தனக்குத் தெரியாது என்பதும் அதே விநாடியில் தெரிந்துவிட்டது. "புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதச் சொல்லுட்டி. ஒனக்கு மிட்டாய் வேணுமா, வேண்டாமா?" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"வேண்டாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு முப்பிடாதி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் வாயைத் திறக்கவே இல்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், தரையைப் பார்ப்பாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள். அடங்காத பிள்ளை அடங்கிவிட்டது என்று பக்கத்து வகுப்பு வாத்தியார் பாராட்டினார், ஆனால் ஆவுடைநாயகி டீச்சருக்கு அந்தப் பாராட்டு இனிக்கவில்லை. ஒரு பிள்ளையின் வாயைத் தானே மூடிவிட்டோம் என்பது அவருக்குத் தெரியும், அதை எப்படித் திறப்பது என்பதுதான் தெரியவில்லை.

ஊர் சுவரை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். ஒரு மலையைத் தாண்டினால் கேரளா, எல்லையில் இருக்கும் புளியரைக்கு அந்தப் பக்கம் போனால் வழியெல்லாம் லாட்டரிக் கடை. சுவரில் எண் வந்திருக்கிறது, தானாக வந்திருக்கிறது, இது என்னவாக இருக்க முடியும் என்று வெயிலுகந்தபேரி தலையைச் சொறிந்து யோசித்து, கடைசியில் அந்த ஊருக்கே உரிய முடிவுக்கு வந்தது. ஒரு கூட்டம் பஸ் பிடித்துப் போய்ச் சுவரில் இருந்த விடைகளின் கடைசி எண்களைப் பார்த்துப் பார்த்துச் சீட்டு வாங்கி வந்தது, குத்தாலிங்கம் கடையைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டுப் போனார், போகாதவர்கள் போகிறவர்களிடம் சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கும் விழவில்லை. ஆறுதல் பரிசுகூட இல்லை.

குத்தாலிங்கத்துக்கு வந்ததே கோபம். என்னை ஏமாற்றிய எண் எங்கேயிருந்துதான் வந்தது பார்ப்போம் என்று சட்டுவத்தைக் கையில் பிடித்தபடியே தெருவைக் கடந்து வந்து, சுவருக்கு நேராக நின்று, கடைசி வரியிலிருந்து மேலே மேலே ஏறிப் படித்தார். திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டார். "ஏ, வாங்கவே எல்லாரும்! இங்கன பாருங்க, இந்தப் பய மிச்சம் வந்த ரெண்ட அடுத்த எடத்துக்குக் கொண்டுபோகவே மறந்துட்டான்! அதாம்வே எண்ணு தப்பு!" என்று கூவினார். டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். ஒருவர் இல்லை என்றார், அதற்கு முந்தின வரியிலேயே பயல் சறுக்கிவிட்டான் என்றார், இன்னொருவர் சறுக்கினாலும் எப்படி யோசித்திருக்கிறான் பாருங்கள், இந்த வழியில் எனக்கு யோசிக்கத் தோன்றியிருக்குமா என்றார், டீ ஆறிப்போனது. மறுநாள் காலை, முந்தின நாள் பலகையில் அழித்த தப்புகளும் சுவரில் வந்து சேர்ந்திருக்க, மறுபடி வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள், மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னக் கணக்கை உதட்டுக்குள் போட்டுப் பார்த்தாள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் சுவரைப் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பார்க்கப் போனார்கள், பேசிப் பேசியே அந்தத் தெருவுக்குச் சாரல் நேரம் போவது தெரியவில்லை. லாட்டரியை எல்லாரும் மறந்துபோனார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு அந்த ஊர்மேல் ஆசையாக வருகிறது, பரிசுக்கு அலைந்தவர்கள்தான், ஆனாலும் பரிசு கிடைக்காத இடத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை மறித்து "எவ்வளவு மார்க்கு?" என்றுதான் கேட்பார்கள். இப்போது "இன்னிக்கு எங்கனல வழி மாறுச்சு?" என்று கேட்டார்கள். பிள்ளைகளும் நின்று, பையை இறக்கி, இன்ன இடத்தில் இப்படி நினைத்தேன், அது இப்படி ஆகிவிட்டது என்று கையை ஆட்டிச் சொன்னார்கள். சொல்லும்போதே பாதிப் பிள்ளைகளுக்குச் சரியான வழி தட்டுப்பட்டுவிடும், சொன்னதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடும். மேசைமேல் தேன் மிட்டாய் கரைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது, எறும்பு வந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்து விடை சொன்னால் சுவரில் ஒன்றும் வராது, தெருவில் நின்று சொல்ல ஒன்றும் இருக்காது என்று ஆகிவிட்டதால் யாரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

சுவரின் கீழ் மூலையில், ஆள் குனிந்தால்தான் தெரிகிற இடத்தில், புதிதாக ஒரு கணக்கு வந்திருந்தது. அதை எந்த டீச்சரும் கொடுத்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு காலியாக இருக்கும்போது யாரோ தனியாகப் பலகையில் போட்டு, அழித்து, தாங்களே டஸ்டரைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு டிரம், அதன் அடியில் ஓட்டை, மேல்பாதி, கீழ்ப்பாதி, கேள்விக்குறி. அதற்குப் பக்கத்திலேயே வேறொரு விதமாக அதே டிரம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு விதமாக. கடைசியில் ஒரு வரி பாதியிலேயே நின்றது. அந்தச் சாய்ந்த எழுத்தை டீச்சருக்குத் தெரியும். சாரலில் குடையை மறந்து குனிந்து நின்று படித்தவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசாமல்போன பிள்ளை இத்தனை நாளும் யோசிப்பதை நிறுத்தவில்லை.

குத்தாலிங்கமும் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "டீச்சர், இந்த டிரம் கணக்குக்கு வெட என்ன? நாங்களும் போட்டுப் பாத்தாச்சு, பிடி குடுக்க மாட்டேங்குது" என்று கேட்டார்.

"அது பாடத்துல இல்ல அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

"பாடத்துல இல்லாட்டி என்ன, டிரம்முல இருக்குல்லா" என்றார் அவர், வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. பின்னாலிருந்த ஒரு சின்னப் பயல், "டீச்சர், எல்லார் எழுத்தும் இருக்கு, ஒங்க எழுத்த மட்டும் காணும்" என்றான். முதல் நாள் மனசைக் குளிர வைத்த அதே விஷயம் இப்போது டீச்சருக்கு ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்குத் தன்னை மட்டும் அழைக்காததுபோல வலித்தது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிச் செயலாளர் நமச்சிவாயம் ஒரு நல்ல செய்தியோடு வந்தார். சிறந்த கணக்கு ஆசிரியருக்கான மாவட்ட விருதுக்கு ஆவுடைநாயகி டீச்சரின் பெயர் போயிருக்கிறது, அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வருகிறார், அநேகமாக நமக்குத்தான். "ஆனா இந்தச் சுவரு இப்பிடி இருக்கப்பிடாது டீச்சர். நம்ம பிள்ளைய போட்ட தப்பயெல்லாம் நாமளே நோட்டீஸ் ஒட்டுன மாதிரில்லா இருக்கு" என்றார். அன்று மத்தியானமே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் கணக்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன, சுண்ணாம்பு ஈரத்தில் அடியில் கிடந்த பழைய கணக்குகளும் கிளம்பி வந்துவிட்டன. அவற்றில் ஒன்று நமச்சிவாயம் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் தப்பாகப் போட்ட வட்டிக் கணக்கு. அவர் அதன் முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் அதைப் போட்டுப் பார்த்தார், சுண்ணாம்பு வாளியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஓர் அம்மா. கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார், நமச்சிவாயம் வாசல் ஓரம் நின்றார், ஜன்னலுக்கு வெளியே தெருவே நின்றது. ஜாடியில் புது மிட்டாய் பளபளத்தது. டீச்சர் மனப்பாடமாகப் போட்டு வைத்திருந்த கணக்கைப் பலகையில் எழுத ஆரம்பித்தார். கை தானாகவே எழுதியது. பாதியில் திரும்பிப் பார்த்தபோது முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த வருஷம் முடியும், இவள் அடுத்த வகுப்புக்குப் போவாள், அங்கேயும் தரையைப் பார்ப்பாள், பிறகு எல்லா இடத்திலும் தரையைப் பார்ப்பாள் என்று டீச்சருக்குத் தோன்றியது. எழுதியதை அழித்தார்.

"முப்பிடாதி ஒருநாள் ஒரு கேள்வி கேட்டா" என்றார். "சரியான கேள்வி. நாந்தான் அவள உக்கார வச்சிட்டேன். ஏன்னா அதுக்குப் பதில் எனக்குத் தெரியாது. இப்பவும் தெரியாது. இன்னிக்குப் போட்டுப் பாக்கப்போறேன்."

வாசலில் நமச்சிவாயம் இருமினார். டீச்சர் காதில் வாங்கவில்லை. ஜாடியைக் கவிழ்த்து மிட்டாய் எல்லாவற்றையும் மேசைமேல் ஒரு செய்தித்தாளில் கொட்டினார், கவராயத்தின் முனையால் ஜாடியின் அடியோரமாகப் பக்கவாட்டில் குத்தித் திருகி ஓர் ஓட்டை போட்டார், ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு குடத்துத் தண்ணீரை ஊற்றி நிரப்பினார். பாதி உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. கடிகாரம் வேண்டாம், ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லுங்கள், சொல்லி முடித்ததும் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். விரலை எடுத்தார். வகுப்பு ராகம் போட்டு வாய்ப்பாடு சொல்ல, ஜன்னலில் நின்ற தெருவும் சேர்ந்து சொல்ல, தண்ணீர் வளைந்து எட்டி விழுந்தது. நாலாவது தடவை முடியும்போது பாதிக் கோட்டைத் தொட்டது. டீச்சர் ஓட்டையை மறுபடி அடைத்துக்கொண்டு மற்றக் கையால் பலகையில் எழுதினார், மேல்பாதிக்கு நாலு, கீழ்ப்பாதியில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும், ஆகவே நேரம் இரண்டு மடங்கு, எட்டு. எட்டைச் சுற்றி வட்டம் போட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, சரியா என்று தெரியாத ஒரு விடையைச் சுற்றி.

விரலை எடுத்தார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, ஐந்து, ஆறு, ஏழு என்று வாய்ப்பாடு சுற்றி வந்தது. எட்டாவது தடவை முடிந்தது, தண்ணீர் இன்னும் இருந்தது. ஒன்பதாவது முடிந்தது, இன்னும் மெலிதாக ஒழுகிக்கொண்டிருந்தது. பத்தாவது முடியப்போகும் நேரத்தில்தான் ஒழுகியது சொட்டாகி, சொட்டும் நின்றது. வகுப்பு டீச்சரைப் பார்த்தது.

"தப்பாப் போச்சே டீச்சர்" என்றார் அதிகாரி அம்மா.

"ஆமா மேடம்" என்றார் டீச்சர். தப்பாகப் போட்டால் உலகம் இடிந்து விழும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் குத்தாலிங்கம் எட்டு ஏன் தப்பு என்று பக்கத்து ஆளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அதிகாரி அம்மா கடைசிச் சொட்டு விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு தேன் மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு காருக்குப் போனார். மீதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எதற்காகவும் இல்லை, சும்மா என்றார் டீச்சர். விருது அந்த வருஷம் வேறு ஊருக்குப் போனது.

பலகையை அழித்துவிட்டு டீச்சர் டஸ்டரோடு சாரலில் இறங்கினார். பள்ளிக்கூடத்துக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூட டஸ்டரைத் தட்டியதில்லை. சுவரில் பூப்போல ஒற்றினார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பிடி இல்ல டீச்சர். ஓங்கித் தட்டணும்."

டீச்சர் திரும்பவில்லை, திரும்பினால் அழுதுவிடுவோம் என்று பயம். ஓங்கித் தட்டினார். தலை, மூக்கு, புடவை எல்லாம் வெள்ளையாகிப்போனது, பின்னால் முப்பிடாதி சிரிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் சுவரின் கீழ் மூலையில், பாதியில் நின்றிருந்த அந்தச் சாய்ந்த வரிக்கு அடுத்த வரியாக, குண்டு குண்டான எழுத்தில் டீச்சரின் தப்புக் கணக்கு வந்து நின்றது, வட்டம் போட்ட எட்டோடு. தெரு குடை பிடித்துக்கொண்டு குனிந்து படித்தது. டீச்சர் பள்ளிக்கூடத்து மணிக்கு வெகு முன்னாலேயே வந்து, கூட்டத்தோடு கூட்டமாகக் குந்தி உட்கார்ந்து தன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு புத்தகப் பை வந்து இறங்கியது.

"இங்கனதான் டீச்சர்" என்று முப்பிடாதி ஈரச் சுவரில் விரலை வைத்தாள். "பாதியாப் பிரிச்சிய, அதோட நிறுத்திட்டிய. அந்தப் பாதிக்குள்ளேயும் வேகம் கொறஞ்சுக்கிட்டேதான இருக்கும்? அதையும் பாதியாப் பிரிச்சு, அதையும் பிரிச்சு, இன்னும் சின்னதாப் பிரிச்சுக்கிட்டே போனா?"

"போனா எங்கட்டி முடியும்?"

"தெரியல டீச்சர்" என்றாள் முப்பிடாதி, கண் அகல. "வாங்க, போட்டுப் பாப்போம்."

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. இரண்டு பேரும் எழுந்து வகுப்புக்குள் போனார்கள், குத்தாலிங்கம் இரண்டு டீயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.